தோட்டத்துக் கோயிலுக்கு வயசு தேடுன கதை

கும்பாபிஷேக மலருக்குத் தல வரலாறு எழுதித் தாங்கன்னு யாராச்சும் உங்க தலையில கட்டியிருந்தா இது உங்களுக்குத்தான். எனக்குக் கட்டுனாங்க. ஆபீஸ்ல கணக்குப் பாக்குற ஆளு நான், சரித்திரமெல்லாம் அஞ்சாம் பாரத்தோட போச்சு, ஆனா கமிட்டியில "நீங்கதான் கம்ப்யூட்டர் நல்லா பாப்பீங்களே லா"ன்னு ஒரு வார்த்தை, அவ்ளோதான், முடிஞ்சுது. கோயில் வந்து மலேசியாவுல சிலாங்கூர்ல ஒரு பழைய ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயில். ரப்பர் செம்பனையாச்சு, செம்பனை தாமான் (வீட்டுக் குடியிருப்பு) ஆச்சு, இப்ப சுத்தி டெரஸ் வீடுங்க நடுவுல கோபுரம் மட்டும் நிக்குது. நான் இருக்கறது கே.எல்-ல (கோலாலம்பூர்) செந்தூல் பக்கம், திருவிழான்னா எல்லாரும் அந்தக் கோயில்லதான். தோட்டத்துப் பேரு, ஆளுங்க பேரு எதையும் இங்க போடல, அவங்க பேசுனது மலருக்குத்தான்.

நான் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே தலைவர் அண்ணன் அட்டைப்படம் டிசைன் பண்ணிட்டாரு. "150 ஆண்டுகள் பழமை வாய்ந்த" அப்படின்னு தங்கக் கலர்ல. யார் சொன்னது அண்ணேன்னு கேட்டா "அப்படித்தாம்மா சொல்லிக்கிட்டு இருக்காங்க"ங்கறாரு.

கம்ப்யூட்டரைத் தொறக்காமலே ஒரு கணக்குப் போட்டுப் பாத்தேன். 150 வருஷம்னா 1870-கள். அப்ப சிலாங்கூர்ல கிள்ளான் சண்டை, 1867-ல ஆரம்பிச்சு 1874 வரைக்கும் ராஜாக்களுக்குள்ள அடிதடி, அப்பறந்தான் பிரிட்டிஷ் ரெசிடென்ட்ங்கற ஆலோசகர் உள்ள வர்றாரு. கே.எல்-லேர்ந்து கிள்ளான் பக்கம் ரயில் ஓடுனதே 1886-ல. வியாபாரத்துக்குன்னு மலாயாவுல ரப்பர் நட்டது 1890-கள்ல, மலாக்காவுல தான் சாய் யான் ஆரம்பிச்சாரு, சிலாங்கூர்ல அதுக்கு முன்னாடி இருந்தது காப்பித் தோட்டம், அதுவும் 1880, 90-கள்தான். பினாங்குப் பக்கம்னா கதை வேற, செபராங் பிறையில கரும்புத் தோட்டம் ரப்பருக்கு ரொம்ப முன்னாடியே இருந்துச்சு, ஜார்ஜ்டவுன் குவீன் ஸ்த்ரீட் மாரியம்மன் கோயிலுக்கே 1833-ன்னு கணக்கு சொல்றாங்க. அங்க உள்ளவங்க 150 போட்டா யாரும் கேக்க மாட்டாங்க. நாங்க போடணும்னா சாட்சி வேணும்.

சரி தேடலாம்னு உக்காந்தா எல்லாரும் முதல்ல பண்றது தாத்தா பேரை அடிச்சுப் பாக்கறது. வராதுங்க. உங்க தாத்தா அந்தத் தோட்டத்துல முப்பது வருஷம் பால்மரம் வெட்டியிருந்தாலும் வராது, ஏன்னா அந்தக் காலத்து ரிக்கார்டு எல்லாம் கம்பெனிக்காக, கவர்மெண்டுக்காக எழுதுனது, அதுல துரைக்குப் பேரு இருக்கும், கிராணிக்கு (ஆபீஸ் குமாஸ்தா) சில நேரம் இருக்கும், வெட்டுக்காட்டுல நின்னவங்களுக்குத் தலை எண்ணிக்கை மட்டுந்தான். அதனால ஆளை விட்டுட்டு எடத்தைத் தேடணும். தோட்டத்து இங்கிலீஷ் பேரு, அதை நடத்துன லண்டன் கம்பெனி பேரு, கே.எல்-லயோ பினாங்குலயோ அதுக்கு ஏஜென்சி பாத்த கம்பெனி, மேனேஜர் துரை பேரு, பக்கத்து ஆறு, பக்கத்து ரயில் ஸ்டேஷன். இந்த ஆறு விவரமும் கையில இருந்தா தேடல் பாதி முடிஞ்ச மாதிரி. தோட்டத்துக்கு நம்மாளுங்க வாயில ஒரு பேரு, கம்பெனி பேப்பர்ல வேற பேரு இருக்கும், அதை முதல்ல பெருசுங்ககிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் உக்காரணும். பழைய சம்பளச் சீட்டு, பொறந்த சூராட் (பத்திரம்), பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டு, இதுல எதுலயாச்சும் கம்பெனி பேரு அச்சுல இருக்கும். எங்களுக்குக் கெடைச்சது ஒருத்தரோட ஈ.பி.எஃப் (சேமநிதி) பேப்பர்ல.

எழுத்துக் கூட்டல் இன்னொரு தொல்லை. ஆத்துக்கு மலாய்ல இப்ப சுங்கைன்னு எழுதுறதைப் பழைய பேப்பர்ல இங்கிலீஷ்ல கடைசி எழுத்துக்கு முன்னாடி 'இ' போட்டு எழுதுவாங்க, 1972-ல மலாய் எழுத்து மாறுனப்பதான் இன்னிக்கு இருக்கற கூட்டல் வந்துச்சு. கிராமத்துக்குச் சொல்ற கம்போங் கம்போங்கா இருக்கும், கம்புங்கா இருக்காது. போர்ட் கிள்ளான்னு தேடுனா 1972-க்கு முன்னாடி ஒண்ணுமே வராது, அது போர்ட் ஸ்வெட்டன்ஹாம். தெலுக் இந்தான் 1982 வரைக்கும் தெலுக் ஆன்சன். செபராங் பிறைக்கு ப்ராவின்ஸ் வெல்லஸ்லி. நம்ம பேருங்களைக் கேக்கவே வேணாம், ராமசாமியையே கடைசியில 'ஐ', 'ஒய்', நடுவுல 'டபிள்யூ' சேத்து, சேக்காமன்னு விதவிதமா எழுதியிருக்காங்க. எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா அடிக்கணும். அப்பறம் சொல்ல மனசு வரல, ஆனா சொல்லித்தான் ஆகணும், நம்மாளுங்களை இழிவா சொல்ற 'கூலி'ன்னும் 'கிளிங்'ன்னும் தேடல் பெட்டியில அடிக்க வேண்டியிருக்கும். அவங்க அப்படித்தான் தலைப்புப் போட்டு வச்சிருக்காங்க. நூலகத்துக்காரங்க பழைய தலைப்பை மாத்த மாட்டாங்க, அசல் தலைப்பு அதுதான்னு வச்சுட்டுப் பக்கத்துல ஒரு குறிப்புச் சேப்பாங்க. முதல் தடவை அடிக்கும்போது விரல் கொஞ்சம் நின்னுச்சு.

எங்களுக்கு முதல்ல புடி கெடைச்சது அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழக நூலகத்துலேர்ந்து. அவங்ககிட்ட தென்கிழக்காசியாவுக்குன்னே எக்கோல்ஸ் கலெக்‌ஷன்னு ஒரு பெரிய தொகுப்பு இருக்கு, அதுல பழைய பயணப் புத்தகம், படம் எல்லாம் ஸ்கேன் பண்ணி யாரு வேணா பாக்கலாம்னு தொறந்து விட்டிருக்காங்க. 1908-ல லண்டன்ல அச்சான 'ட்வென்டியத் செஞ்சுரி இம்ப்ரெஷன்ஸ் ஆஃப் பிரிட்டிஷ் மலாயா'ன்னு தலகாணி சைஸ் புத்தகம் ஒண்ணு, அதுல தோட்டம் தோட்டமா எத்தனை ஏக்கர், யாரு மேனேஜர், எத்தனை தமிழாளுங்க வேலை செய்றாங்கன்னு போட்டிருக்கு. கம்பெனிக்காரங்க பெருமைக்குப் போட்ட புத்தகம்தான், லயத்துல (தொழிலாளிங்க வரிசை வீடு) எத்தனை பேரு காய்ச்சல்ல செத்தாங்கன்னெல்லாம் அதுல எதிர்பாக்காதீங்க. ஆனா எங்க தோட்டம் அதுல இருக்கு! மரம் நட்டு ரெண்டு வருஷந்தான் ஆச்சு, இன்னும் பால் வெட்டல, காட்டை அழிச்சுக்கிட்டே இருக்காங்கன்னு அர்த்தம் வர்ற மாதிரி நாலு வரி. அப்ப 1906 வாக்குல ஆரம்பிச்ச தோட்டம். தலைவர் அண்ணனுக்கு அந்தப் பக்கத்தை வாட்ஸ்அப்ல அனுப்புனேன், ரெண்டு நீலக் கோடு விழுந்துச்சு, பதில் வரல.

தோட்டம் எப்பன்னு தெரிஞ்சா கோயில் அதுக்கப்பறம்தானே, ஆனா எவ்ளோ அப்பறம்? இங்கதான் நம்ம ஊரு நூலகத்துக்கு நேர்ல போக வேண்டி வந்துச்சு.

கே.எல்-ல மலாயாப் பல்கலைக்கழக நூலகம், பினாங்குல யு.எஸ்.எம் பல்கலைக்கழகத்தோட ஹம்சா செண்டுட் நூலகம், இது ரெண்டும் மலேசியா சம்பந்தப்பட்ட பழைய சமாச்சாரத்துக்குப் பெரிய எடம்னு படிக்கிற பிள்ளைங்களுக்குத் தெரியும், நம்மள மாதிரி வெளியாளுங்களுக்குத்தான் உள்ள போகலாமான்னே தெரியாது. நான் போன பல்கலைக்கழக நூலகத்தோட பேரை வேணும்னே சொல்லல, கொஞ்சம் குறையும் சொல்லப் போறேன்ல. என் தங்கச்சி மகன் அங்க படிச்சவன், அவன் சொல்லித்தான் விஷயம் புரிஞ்சுது, "பெரியம்மா, ஆன்லைன்ல தெரியறது எல்லாம் மேல் மேலதான், மூணு அடுக்கு இருக்கு"ன்னான். அதாவது பட்டியல்ல பேரு மட்டும் இருக்கறது ஒரு ரகம், சாமான் பெட்டியில இருக்கும், ஸ்கேன் பண்ணியிருக்க மாட்டாங்க. ஸ்கேன் பண்ணியும் பூட்டி வச்சிருக்கறது ஒரு ரகம், சின்னப் படம் தெரியும், முழுசு கேம்பஸ் உள்ள இருக்கற நெட்வொர்க்ல மட்டும். மூணாவதுதான் எல்லாருக்கும் தொறந்தது. நெறைய பேரு மூணாவதைப் பாத்துட்டு "ஒண்ணுமே இல்லையே"ன்னு போயிடுறாங்க.

நமக்கு வேண்டியது பெரும்பாலும் நடுவுல உள்ள ரகத்துலதான். எனக்கும் அப்படித்தான், இந்திய ஆய்வியல் படிச்ச பிள்ளைங்க பழைய காலத்துல டிகிரிக்காக எழுதுன ஆய்வேடு, டைப்ரைட்டர்ல அடிச்சது, அந்தந்தத் தோட்டத்துக்கே போய்ப் பேட்டி எடுத்து எழுதுனது, தலைப்பு மட்டும் தெரியுது, தொறந்தா லாகின் கேக்குது. உதவிக்கு ஒரு ஈமெயில் முகவரி போட்டிருந்தாங்க, எழுதுனேன், பதிலே இல்ல, மறுபடி எழுதுனேன், அதுக்கும் இல்ல. சரின்னு எல்.ஆர்.டி ரயில் புடிச்சு நேர்லயே போனேன், ஐ.சி-யை (அடையாள அட்டை) குடுத்து வெளியாளுக்கான பாஸ் எடுத்து உள்ள போனா கவுண்டர்ல இருந்த மலாய்க்கார அம்மா "புவான், இதுக்கு ஏன் மெயில் போட்டீங்க, அந்த முகவரியை இப்ப யாரும் பாக்கறதில்ல"ன்னு சிரிச்சுட்டு, ஒரு கம்ப்யூட்டர்ல உக்கார வச்சுத் தொறந்தே குடுத்துட்டாங்க. ஆக, மெயில் ஒண்ணு போடுங்க, ஒரு வாரம் பாருங்க, அப்பறம் போன், அதுக்கப்பறம் நேர்ல. நேர்ல போகும்போது "தோட்டத்து வரலாறு வேணும்"னு மொட்டையா கேக்காதீங்க, அவங்களுக்கும் எங்க தொடங்கறதுன்னு தெரியாது. தலைப்பு, நூலகம் அதுக்குக் குடுத்த நம்பர், வருஷம் மூணும் ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதிட்டுப் போய் நீட்டுனா அஞ்சு நிமிஷ வேலை.

பட்டியல்ல தேடும்போது மூணு மொழியிலயும் தேடுங்க. மலாய்ல 'லாடாங்' (தோட்டம்), 'குயில்', 'புருஹ் இந்தியா' (இந்தியத் தொழிலாளி) எல்லாம் போடணும், குயில்னா பறவை இல்ல, கோயிலுக்கு அவங்க சொல்றது. தமிழ்ப் புத்தகம், பத்திரிகையெல்லாம் பட்டியல்ல பெரும்பாலும் இங்கிலீஷ் எழுத்துலதான் இருக்கும், அதுலயும் நாம வாட்ஸ்அப்ல அடிக்கிற மாதிரி இருக்காது, உலகம் பூரா நூலகத்துக்குன்னு ஒரு முறை வச்சிருக்காங்க. அதுல 'ச'வுக்கு எஸ் கெடையாது, 'சி'தான். முரசுன்னா எம், யூ, ஆர், ஏ, சி, யூ. நேசன்னா நடுவுல சி. 'ழ'வுக்கு எல் போட்டுக் கீழ ஒரு கோடு இழுப்பாங்க, தேடும்போது கோடு வேணாம், வெறும் எல் போதும். இது தெரியாம தமிழ் நேசனைத் தேடுனா இந்த நாட்டுலயே அப்படி ஒரு பேப்பர் வந்ததில்லங்கற மாதிரி காட்டும். 1924-ல கே.எல்-ல ஆரம்பிச்சு 2019 தொடக்கம் வரைக்கும் வந்த பேப்பர் அது!

பத்திரிகைன்னா சிங்கப்பூர் தேசிய நூலகத்தோட நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளம்தான் நமக்குப் பெரிய வரம், மலாயாவும் சிங்கப்பூரும் அப்ப ஒரே சந்தைதானே, ஸ்ட்ரெயிட்ஸ் டைம்ஸ் 1845-லேர்ந்து இருக்கு, மலாயா ட்ரிப்யூன் இருக்கு, வீட்டுல உக்காந்து பைஜாமாவோட பாக்கலாம். ரப்பர் கம்பெனிங்களோட வருஷாந்திரக் கூட்டத்து ரிப்போர்ட்டை அப்படியே அச்சடிச்சிருப்பாங்க, எத்தனை பவுண்டு ரப்பர், புது ஆஸ்பத்திரி கட்டுனோம், புது லயம் போட்டோம்னு சேர்மன் பேசுனது, அதுல நம்ம கதை ஒளிஞ்சிருக்கும். கோயில்னு தேடுனா வராதது லயம், ஆஸ்பத்திரி, ஸ்கூல்னு தேடுனா வரும். இதுல ஒரு விஷயம், கம்ப்யூட்டர் அந்த மங்குன அச்சைத் தானே படிச்சுத்தான் தேடுது, அது படிச்ச லட்சணம் சில நேரம் சிரிப்பு வரும், எழுத்தெல்லாம் மாறிக் கெடக்கும், ரெண்டு பத்தியைச் சேத்துப் படிச்சிருக்கும். அதனால ஒரு வார்த்தைக்கு வரலன்னா இல்லன்னு முடிவு பண்ணாதீங்க, பக்கத்து வார்த்தையைப் போடுங்க, மேனேஜர் பேரைப் போடுங்க.

தமிழ் பேப்பருக்கு அந்தக் கம்ப்யூட்டர் படிப்பையே நம்பாதீங்க. பழைய அச்சுல 'ணை', 'லை', 'னை' எல்லாம் கொம்பு போட்ட பழைய வடிவம், 'றா', 'னா'வும் வேற மாதிரி, மை ஊறிப் போயிருக்கும், மெஷினுக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. தமிழ் முரசு 1935-ல சிங்கப்பூர்ல கோ. சாரங்கபாணி ஆரம்பிச்சது, 1936-லேர்ந்து ஸ்கேன் கெடைக்குது, நான் தேதி வாரியா புரட்டித்தான் பாத்தேன். எந்தத் தேதின்னு முதல்ல குறி வைக்கணும். நான் வச்ச குறி ரெண்டு. ஒண்ணு எங்க கோயில் திருவிழா மாசம். இன்னொண்ணு ஜனவரி, ஏன்னா 1952-லேர்ந்து தமிழர் திருநாள்னு மலாயா முழுக்கக் கொண்டாட ஆரம்பிச்சாங்க, அதுக்குத் தோட்டங்கள்லேர்ந்து சின்னச் சின்னச் செய்தி எழுதிப் போட்டிருக்காங்க, யாரு தலைமை, யாரு நன்றியுரை, எங்க நடந்துச்சுன்னு. எங்க தோட்டத்துச் செய்தி ஒண்ணு மாட்டுச்சு, கூட்டம் நடந்த எடம் "புதிய ஆலய முன்றல்" அப்படின்னு.

'புதிய'ன்னா என்ன? அப்ப பழையது எங்க? இதுக்கு எந்தத் தளத்துலயும் விடை இல்ல.

ஆய்வேட்டைத் தொறந்து குடுத்தாங்கல்ல, அதோட பின்னாடி ஒரு வரைபடம் ஒட்டியிருந்துச்சு, சர்வே டிபார்ட்மெண்ட் போட்ட 1 இன்ச்சுக்கு 1 மைல் கணக்கு வரைபடத்துலேர்ந்து ஒரு துண்டு. அந்த வரைபடங்கள்ல ஆறு, ரயில் தடம், தோட்டத்துப் பேரு, ஃபேக்டரி, குடியிருப்பு எல்லாம் குட்டியா தெரியும். ஜப்பான் சண்டைக்கு முந்துன காலத்து ஷீட்டை அந்த அம்மாகிட்டயே கேட்டேன், ஸ்கேன் இருக்கு புவான்னு எடுத்துக் குடுத்தாங்க. பாத்தா லயம் இருக்கற எடம் நாங்க பாத்த எடமே இல்ல, ஆத்துக்கு அந்தப் பக்கம் மேட்டுல இருக்கு. இதை ஏ3-ல ப்ரிண்ட் போட்டுத் தோட்டத்துல பொறந்து வளந்த ஒரு பாட்டிகிட்ட கொண்டு போனேன், எண்பது தாண்டுனவங்க. சாதாரணமா "பாட்டி, கோயில் எப்பக் கட்டுனது"ன்னு கேட்டா "அது ஆதியிலேர்ந்து இருக்கு சாமி"ன்னு முடிச்சிடுவாங்க. வரைபடத்தை விரிச்சதும் நடந்ததே வேற. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு முதல்ல ஆத்தைப் புடிச்சாங்க, ஆத்துலேர்ந்து ஸ்டோரு, ஸ்டோருலேர்ந்து பெரட்டுக் களம் (காலையில பேரு கூப்பிடுற எடம்), அங்கேர்ந்து விரல் மேட்டுக்கு ஏறுச்சு, "இங்கதான ஆத்தா இருந்தா, கம்பி போட்டப்பல்ல கீழ எறக்குனாங்க"ன்னாங்க.

கம்பி போட்டதுன்னா அவசரகாலம். 1948-ல ஆரம்பிச்சு 1960 வரைக்கும் இருந்துச்சுல்ல, கம்யூனிஸ்ட்காரங்களுக்கு அரிசி போகக் கூடாதுன்னு அங்கங்க செதறிக் கெடந்த லயத்தையெல்லாம் ஒரே எடத்துல சேத்துச் சுத்தி முள்கம்பி வேலி போட்டாங்க. எங்க சனமும் அப்படி மேட்டுலேர்ந்து கீழ வந்திருக்கு, சாமியையும் கூடவே தூக்கிட்டு வந்திருக்காங்க, அதான் அந்தப் பேப்பர்ல 'புதிய ஆலயம்'. ஆய்வேட்டுல இது ஒரு வரி கூட இல்ல, கம்பெனி ரிப்போர்ட்டுல "தொழிலாளர் குடியிருப்பு இடமாற்றச் செலவு"ன்னு ஒரு தொகை மட்டும் இருக்கு. காகிதம் மட்டும் இருந்தா அது ஒரு செலவுக் கணக்கு. பாட்டி மட்டும் இருந்தா வருஷம் கெடைக்காது. ரெண்டையும் ஒரே மேசையில வச்சப்பதான் விஷயம் வெளிய வந்துச்சு, இந்த மொத்த வேலையிலயும் நான் கத்துக்கிட்டதுல முக்கியம்னா இதைத்தான் சொல்லுவேன். ஃபைலை டவுன்லோட் பண்ணிச் சேத்து வச்சுக்கிட்டே இருக்காதீங்க, ஒண்ணு கெடைச்ச உடனே ப்ரிண்ட் போட்டுத் தூக்கிட்டுப் போய் பெருசுங்க முன்னாடி விரிங்க. போன்ல காட்டாதீங்க, போன்ல அவங்களுக்குத் தெரியாது, ரெண்டு விரல்ல பெருசாக்குறதுக்குள்ள பேச்சு அறுந்துடும்.

பாட்டி சொன்னதை அவங்ககிட்ட கேட்டுட்டுப் போன்ல ரிக்கார்ட் பண்ணேன், பேரு, தேதி, எடம் முதல்லயே சொல்லிட்டு. 1942-லேர்ந்து 45 வரைக்கும் ஜப்பான்காரன் காலம் காகிதத்துல பெரிய ஓட்டை, தோட்டத்து ஆபீஸ் பேப்பரெல்லாம் போச்சு, அவன் சயாம்ல போட்ட ரயில் தடத்து வேலைக்கு யாரு யாரைப் புடிச்சுட்டுப் போனாங்கன்னு பாட்டி வரிசையா பேரு சொன்னாங்க, அந்தப் பட்டியல் வேற எங்கயும் கெடையாது. மலருக்கு அது தேவையில்லதான். ஆனா நிறுத்தச் சொல்ல முடியுமா.

படத்துக்கு வரேன். மலர்னா படம் வேணும். தோட்டத்துத் துரைங்க ஊருக்குத் திரும்பிப் போகும்போது ஆல்பத்தைக் கையோட கொண்டு போயிட்டாங்க, அவங்க செத்ததும் பிள்ளைங்க எடுத்துட்டுப் போய் அங்க உள்ள நூலகத்துக்குக் குடுத்துட்டாங்க. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்துல ராயல் காமன்வெல்த் சொசைட்டி தொகுப்பு இருக்கு, மலாயாவுல வேலை பாத்த வெள்ளக்காரங்க சங்கத்தோட பேப்பரும் படமும் அதுக்குள்ள, 1993-லேர்ந்து அங்க இருக்கு. ஹாலந்துல லெய்டன் பல்கலைக்கழக நூலகத்துல பழைய கே.எல், பினாங்கு படமெல்லாம் வீட்டுலேர்ந்தே பாக்கலாம், மேடான்ல ஸ்டூடியோ வச்சிருந்த க்ளைன்குரோத்த எடுத்தது கூட இருக்கு. எங்க பகுதித் துரை ஒருத்தரோட ஆல்பம் வெளிநாட்டு நூலகம் ஒண்ணுல மாட்டுச்சு, 1950-கள் படம். பெரட்டுல நிக்கிற பெண்கள், தலையில துண்டு, கையில வாளி. தலைப்பு 'தமிழ்ப் பால்வெட்டுக்காரிகள்', அவ்ளோதான். ஓரத்துல நாய் ஒண்ணு படுத்திருக்கு, அதுக்குக் குறிப்புல பேரு போட்டிருக்கு, துரையோட நாய். அந்த வரியைப் படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் ஸ்க்ரீனையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

அதையும் ப்ரிண்ட் போட்டுக் கொண்டு போனேன். வலது பக்கம் மூணாவது ஆளு தன்னோட சின்னம்மான்னு பாட்டி சொல்றாங்க, பக்கத்து வீட்டு மாமா இல்லவே இல்ல, அது எங்க அத்தைன்னு சண்டைக்கு நிக்கிறாரு. ரெண்டு பேரும் விட்டுக் குடுக்கல. நூலகத்துக்கு எழுதும்போது ரெண்டையும் எழுதுனேன், யாரு சொன்னது, எந்த உறவு, எப்பச் சொன்னதுன்னு. நெறைய டிஜிட்டல் தளத்துல படத்துக்குக் கீழ "உங்களுக்குத் தகவல் தெரியுமா"ங்கற மாதிரி ஒரு பட்டன் இருக்கும், கண்டுக்காம தாண்டிப் போயிடாதீங்க. இவங்க பதில் போட்டாங்க, மத்தவங்க பேரையெல்லாம் சேத்துட்டாங்க, அந்த மூணாவது ஆளுக்கு ரெண்டு பேரும் போட்டு 'இருவேறு அடையாளம்'னு குறிச்சிட்டாங்க. மாமாவுக்கு அதுலயும் திருப்தி இல்ல.

படத்தை மலர்ல போட அனுமதி வேணுமான்னு கேப்பீங்க. ஒவ்வொரு படத்துக்கும் கீழ உரிமை பத்தி ஒரு வரி இருக்கும், அதைப் படிக்கணும், வியாபாரத்துக்கு இல்லாம போட்டுக்கலாம்னு சிலது, எழுதிக் கேளுன்னு சிலது. மலர்ல விளம்பரம் வாங்குறோம்ல, அதனால வியாபாரம் இல்லன்னு நாமளே முடிவு பண்ணக் கூடாது, கேட்டுடறது நல்லது. மலேசியாவுல ஒரு எழுத்துக்கு உரிமை எழுதுனவர் செத்து 50 வருஷம் வரைக்கும், சிங்கப்பூர்ல 70, அதனால பழைய பேப்பர்ல வந்த கட்டுரையைக் கூட முழுசா எடுத்து ஒட்டாதீங்க. கேட்டா இன்னொரு லாபம், தளத்துல இருக்கற சின்ன ஃபைல் அச்சுல புள்ளி புள்ளியா வரும், அனுமதி கேக்கும்போதே பெரிய ஃபைல் அனுப்புங்கன்னா அனுப்புவாங்க. எங்களுக்கு இலவசமாவே அனுப்புனாங்க, எல்லாரும் அப்படி இல்ல, சிலர் காசு கேப்பாங்க.

ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போன்ல போட்டு வைக்கிற பழக்கம் இருந்தா விட்டுடுங்க, ஒரு மாசத்துல எது எங்கேர்ந்து வந்துச்சுன்னே தெரியாது. நான் எக்ஸல்ல போட்டேன், கணக்குக்காரப் புத்தி. எந்த நூலகம், எந்த நம்பர், எத்தனாவது பக்கம், என்னிக்குப் பாத்தேன், நிலையான லிங்க்னு ஒண்ணு தனியா குடுத்திருப்பாங்க அது, கடைசியா என்ன தெரிஞ்சுதுன்னு சொந்த வார்த்தையில ஒரு வரி. மேல அட்ரஸ் பாரில் இருக்கறதைக் காப்பி பண்ணாதீங்க, அடுத்த நாளே செத்துடும்.

இன்னொரு எடம் சொல்லாம விட்டா தப்பு. தேசிய ஆவணக் காப்பகம், ஆர்கிப் நெகாரா, கே.எல்-லயே இருக்கு, 1957 டிசம்பர்ல ஆரம்பிச்சது. பழைய சிலாங்கூர் செக்ரட்டேரியட் ஃபைலெல்லாம் அங்கதான், ஃபைல் தலைப்பை வீட்டுலேர்ந்தே தேடலாம், அப்பறம் போய் எடுத்துப் பாக்கலாம். கோயிலுக்கு நெலம் கேட்டு மனு, இடுகாட்டுக்கு எடம் கேட்டு மனு, இந்த மாதிரி தலைப்பு மாட்டும், நம்மாளுங்க பேரு முழுசா எழுதியிருக்கற அபூர்வமான எடம் அது, ஏன்னா கீழ கையெழுத்தோ கைநாட்டோ வச்சது அவங்களே. உங்க தோட்டத்துக் கிராணி யாழ்ப்பாணத்துக்காரரா இருந்தா 'நூலகம்'ங்கற பேருல உள்ள நிறுவனத்தோட தளத்தையும் ஒரு எட்டுப் பாருங்க, 2005-லேர்ந்து இலங்கைத் தமிழ் மலர், சிறப்பிதழ் எல்லாம் ஸ்கேன் பண்ணிச் சேத்து வச்சிருக்காங்க, மலாயாவுக்கு வந்தவங்க குடும்ப மலர் கூட அதுல மாட்டலாம்.

கடைசியா வயசு என்ன ஆச்சுன்னா, எங்க கையில இருக்கற சாட்சிப்படி தோட்டம் 1906 வாக்குல, மேட்டுல லயம் இருந்தது சண்டைக்கு முந்துன வரைபடத்துல, கோயில் அங்க இருந்துச்சுன்னு பாட்டி சொல்றாங்க, அவங்க அம்மாவுக்கு அந்தக் கோயில்லதான் தாலி கட்டுனதாம், அந்தக் கல்யாணம் 1930-க்கு முன்னாடி. 150 எங்கயும் வரல. கமிட்டியில இதைச் சொன்னப்ப ஒருத்தரு "ஆவணத்துல இல்லன்னா இல்லன்னு அர்த்தமா"ன்னு கேட்டாரு, நல்ல கேள்விதான், இல்லன்னு அர்த்தம் இல்ல, ஆனா இருக்குன்னும் அர்த்தம் இல்லையே. கோயிலுக்கு எட விவகாரம் நாளைக்கு வந்தா, எத்தனையோ தோட்டத்துக் கோயிலுக்கு வந்த மாதிரி, அப்ப வக்கீல் முதல்ல கையில எடுக்கறது நாம அடிச்ச மலரைத்தான், ஒரு வருஷம் பொய்யின்னு நிரூபிச்சா மீதி உண்மையும் சேந்து போகும்னு நான் சொன்னேன். அதுக்குத்தான் தலைவர் அண்ணன் எறங்கி வந்தாரு. அட்டையில இப்ப "1930-க்கு முன்பிருந்தே"ன்னு இருக்கு, தங்கக் கலர் அப்படியே இருக்கட்டும்னுட்டாரு.

மலர் அச்சாகி வந்ததும் நூலகத்து அம்மாவுக்கு ஒண்ணு, படம் குடுத்த வெளிநாட்டு நூலகத்துக்கு ஒண்ணு அனுப்புனேன். தேசிய நூலகத்துக்கும் அனுப்பணும், 1986 சட்டப்படி இந்த நாட்டுல அச்சடிக்கிற புத்தகத்துக்கு 5 பிரதி அவங்ககிட்ட ஒப்படைக்கணும், கோயில் மலரா இருந்தா என்னன்னு யாரும் அதைச் செய்றதில்ல, நாப்பது அம்பது வருஷம் கழிச்சு நம்ம பேரப்பிள்ளைங்க தேடும்போது அங்க ஒண்ணும் இருக்காது. பொருளாளர்தான் "அஞ்சா? சும்மாவா?"ன்னு முனகுனாரு, கூரியர் ரசீதை இன்னும் கணக்குல ஏத்தல.